நல்ல கலெக்டர் போதுமா?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் முடிவானது. அதிலிருந்து, திருநின்றவூரில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்களிடம் விளையாட்டுப் பேச்சை எடுத்தால் வந்து நிற்கிற தீர்ப்பு ஒன்றுதான். "டெல்லி மாதிரியெல்லாம் ஆகாது சார். அது கல்மாடி காலம். நம்ம செஸ் ஒலிம்பியாடைப் பாத்தீங்கல்ல, நாலே மாசம்! நல்ல கலெக்டர் ஒருத்தர் கையில குடுத்துட்டா போதும், ஜம்முனு முடிச்சிடுவார்." ஆவடி வருவதற்குள் பேச்சு முடிந்து அவரவர் செல்போனுக்குப் போய்விடுவார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் இதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தீர்ப்புக்கு இரண்டு கால்கள். 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டி கெட்டது ஓர் ஆளால் என்பது ஒன்று. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நன்றாக நடந்தது சில நல்ல அதிகாரிகளால் என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிற்கிறது. ஆனால் இரண்டையும் கூட்டி வைத்துக்கொண்டு, போட்டி நடத்தும் குழு எப்படி அமைய வேண்டும், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியையே வேண்டாத கேள்வியாக ஆக்கிவிடுகிறார்கள். என் சண்டை அதனோடுதான்.

டெல்லியை எடுத்துக்கொள்வோம். 2003 நவம்பரில் ஜமைக்காவின் மான்டேகோ பேயில், கனடாவின் ஹாமில்டன் நகரத்தை 46-22 என்ற கணக்கில் தோற்கடித்து டெல்லி இந்தப் போட்டியை வாங்கியது. உறுப்புச் சங்கங்கள் 72-க்கும் வீரர்களின் பயிற்சிக்காகத் தலா ஒரு லட்சம் டாலர் தருகிறோம் என்ற வாக்குறுதி அதற்குக் கைகொடுத்தது. அந்த ஆண்டு மே மாதம் தந்த விண்ணப்பத்தின்படி, அமைப்புக் குழு அரசுக்குச் சொந்தமான பதிவுபெற்ற சங்கமாக இருக்க வேண்டும். அதன் செயற்குழுத் தலைவரை அரசு நியமிக்கும். இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் அதில் துணைத் தலைவர் மட்டுமே. ஆனால் 2005 பிப்ரவரியில் குழு பதிவானபோது அது அரசு சாராத சங்கமாக இருந்தது. தலைவர் நாற்காலியில் ஒலிம்பிக் சங்கத் தலைவர் சுரேஷ் கல்மாடி இருந்தார்.

நடுவில் என்ன நடந்தது? 'திருத்திய விண்ணப்பம்' என்ற பெயரில், 2003 டிசம்பர் தேதி போட்ட ஓர் ஆவணம் கோப்புக்குள் வந்து சேர்ந்தது. போட்டியை வென்றது நவம்பரில். வென்ற பிறகு விண்ணப்பத்தைத் திருத்த என்ன அவசியம்? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011-இல் தந்த அறிக்கை, அந்த ஆவணத்தின் தேதியையே சந்தேகத்தோடு பார்க்கிறது. அன்றைய விளையாட்டு அமைச்சர் சுனில் தத் எழுத்துமூலமாக ஆட்சேபித்தார். அவருடைய ஆட்சேபம் கோப்பில் தங்கியது, நாற்காலி கல்மாடியிடம் தங்கியது.

2010 ஆகஸ்டில் பத்திரிகைகளில் அடிபட்ட டாய்லெட் பேப்பர் விலை இன்றும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இந்த ஓர் ஆவணத்தைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். தலைவரை நியமிக்கும் உரிமை அரசின் கையை விட்டுப் போன அன்றே அவரை இறக்கும் உரிமையும் போய்விட்டது. ஆனால் வரவுக்கு மேல் செலவானால் ஈடுகட்டுகிறோம் என்ற உறுதிமொழி மட்டும் மத்திய அரசின் தலையிலேயே நின்றது. செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், நட்டத்தைச் சுமக்கிறவர் வேறொருவர். இப்படி ஓர் ஏற்பாட்டில் யோக்கியரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் அவருக்குச் சிக்கனம் வருவது கடினம்.

அதன் விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். அரசுக்குப் பாரமில்லை, போட்டியே தன் செலவைச் சம்பாதித்துக்கொள்ளும் என்று குழு கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தது. 2008 ஜூலையில் அது காட்டிய வருமான மதிப்பீடு 1,780 கோடி ரூபாய். தணிக்கையாளர் கணக்குப் பார்த்தபோது, வருமானம் திரட்டவே ஆன செலவைக் கழித்தபின் கைக்கு வந்திருந்த நிகரத்தொகை சுமார் 174 கோடி. பத்தில் ஒரு பங்கைக் கூட எட்டவில்லை. எந்த வங்கி மேலாளரும் அந்த 1,780-ஐப் பார்த்த மாத்திரத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பார். குழுவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை, அதன் கடனுக்கு அரசே பின்னால் நின்றதால்.

"அதனாலதான் சார் அதிகாரிங்ககிட்ட விடணும்" என்பார்கள். அதிகாரிகள் இல்லாமலா இருந்தார்கள்? குழுவின் தலைமைச் செயல் அலுவலர் ஜர்னைல் சிங் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. 2010 ஆகஸ்டில் இன்னும் பல அதிகாரிகளை உள்ளே அனுப்பினார்கள். மேலே அமைச்சரவைச் செயலாளர், அதற்கும் மேலே அமைச்சர்கள் குழு. ஒருங்கிணைப்புக்கு என்று கமிட்டி போட்டு, கலைத்து, மறுபடி போட்டு, அதையும் கலைத்தார்கள். எல்லாரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னொன்று. டெல்லிக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 18,500 கோடி என்று தணிக்கை அறிக்கை சொல்கிறது. அதில் கல்மாடியின் குழு செலவழித்தது ஒரு சிறு பகுதி. மீதியெல்லாம் மத்திய அமைச்சகங்களும், டெல்லி அரசும், டெல்லி வளர்ச்சி ஆணையமும், மாநகர அமைப்புகளும் செலவழித்தவை. 2010 செப்டம்பர் 21 அன்று நேரு விளையாட்டரங்கின் பக்கத்தில் நடைபாலம் இடிந்து 27 பேர் காயமடைந்தார்களே, அது டெல்லி பொதுப்பணித் துறை கட்டுவித்த பாலம். பட்டியல் சாதியினர் துணைத் திட்டத்தில் இருந்த 600 கோடிக்கு மேற்பட்ட பணத்தை இந்தப் போட்டியின் செலவுக்குத் திருப்பியது டெல்லி அரசு. அப்படித் திருப்பியது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். இவை எல்லாம் ஒரு மனிதரின் பெயரில் எழுதப்பட்டதால் மற்றவர்கள் சௌகரியமாகத் தப்பித்தார்கள். ஊழல் கதைக்கு ஒரு முகம் கிடைத்தால் நமக்கும் நிம்மதி. அந்த முகம் 2011 ஏப்ரலில் கைதாகி ஒன்பது மாதம் சிறையில் இருந்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

இப்போது அந்த நிம்மதிக்கும் சோதனை. இரண்டு பெரிய ஒப்பந்தங்கள் தொடர்பான பணமோசடி வழக்கை முடித்துக்கொள்வதாக அமலாக்கத் துறை தந்த அறிக்கையை 2025 ஏப்ரலில் டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆள்தான் காரணம் என்று சொல்லிவந்தவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? குற்றம் நிரூபணமாகவில்லை என்பதால் 1,780 கோடி மதிப்பீடு சரியாகிவிடுமா? ஏழு ஆண்டு அவகாசத்தில் 2003 முதல் 2006 நடுப்பகுதி வரை வீணானது திரும்பி வருமா? திருட்டு நடந்ததோ இல்லையோ, அமைப்பு கோணலாக இருந்தது என்பதில் மாற்றமில்லை. ஊழலை மட்டும் தேடுகிற கண்ணுக்கு இந்தக் கோணல் தெரிவதே இல்லை.

தணிக்கையாளர் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தார் என்றும் சொல்ல முடியாது. 2009 ஜூலையிலேயே, அதாவது போட்டிக்குப் பதினைந்து மாதம் முன்பே, ஆயத்த வேலைகள் பின்தங்கிக் கிடக்கின்றன என்று எச்சரித்து ஓர் அறிக்கை தந்தார். அச்சடித்து வெளிவந்த அறிக்கை அது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தலைவரைப் பார்த்து "நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றுகூட ஒலிம்பிக் சங்கமும் அமைப்புக் குழுவும் நீதிமன்றத்தில் வாதாடின. 2010 ஜனவரியில்தான் டெல்லி உயர் நீதிமன்றம், நீங்களும் பொது அதிகார அமைப்புகளே என்று தீர்ப்பளித்தது. போட்டி அந்த அக்டோபரில்!

சரி, மாமல்லபுரம். அதைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவும், அயனம்பாக்கத்தில் படித்த குகேஷும் ஒரே அணியில் ஆடி வெண்கலம் வாங்கியதை இந்தப் பக்கத்துக்காரன் எவனும் மறக்க மாட்டான். குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்த அந்த நாட்களில் ரயிலில் கிரிக்கெட் பேச்சே இல்லை. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததால் மாஸ்கோவிடமிருந்து பறிபோன போட்டி, 2022 மார்ச் 15 அன்று சென்னைக்கு என்று அறிவிப்பாகி ஜூலை 28-இல் தொடங்கியது. 186 நாடுகள், பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள். மாநில அரசு முதலில் ஒதுக்கியது 92 கோடிக்கு மேல். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யும், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நேப்பியர் பாலமும் போட்டிக்கு ஒரு முகம் கொடுத்தன. அதிகாரிகள் நன்றாக உழைத்தார்கள், சந்தேகமே இல்லை.

ஆனால் எதை நிரூபித்தது இந்தப் போட்டி? சதுரங்கத்துக்கு வேண்டியது அரங்கு, மேசை, பலகை, விளக்கு, குளிர்சாதனம். பூஞ்சேரியில் ஒரு நட்சத்திர ஓட்டல் அரங்கு ஏற்கெனவே இருந்தது, பக்கத்தில் இன்னொன்றை எழுப்பினார்கள். ஒரே நேரத்தில் எழுநூறு பலகைகள். நீச்சல் குளமோ, ஓடுபாதையோ, ஆயிரக்கணக்கான வீரர்களுக்கான குடியிருப்போ கட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, பணத்தில் பெரும்பங்கைக் கொடுத்ததும் மாநில அரசு, வேலையை நடத்தியதும் மாநில அரசு. சொதப்பினால் பழி முதலமைச்சர் வீட்டு வாசலுக்கே போகும். டெல்லியில் பிரிந்து கிடந்த இரண்டும் இங்கே ஓரிடத்தில் இருந்தன. மாமல்லபுரத்தின் வெற்றி எதையாவது நிரூபிக்கிறது என்றால் அது இதைத்தான். நல்ல கலெக்டர் என்பது அதற்கு மேலே வந்த அதிர்ஷ்டம்.

அதே மாமல்லபுரத்தின் மறுபக்கத்தை நாம் பேசுவதே இல்லை. போட்டிக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த 2022 ஜூனில், அகில இந்திய சதுரங்க சம்மேளனத்தின் செயலாளர் பரத் சிங் சௌகான் அந்தப் பதவியில் தொடர்வது தேசிய விளையாட்டு நெறிமுறைக்கு முரணானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. போட்டி நெருங்கிவிட்டது என்பதற்காக ஆகஸ்ட் 15 வரை அவர் தொடர அனுமதி கிடைத்தது. நாட்டின் மானம் சம்பந்தப்பட்ட போட்டி, நடுவில் செயலாளரை மாற்ற முடியுமா என்பது நியாயமான கவலைதான். நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். விதிப்படிதான் போட்டி நடக்க வேண்டும் என்பது போய், போட்டி நடக்க வேண்டும் என்பதற்காக விதி இரண்டு மாதம் ஒதுங்கி நின்றது. இது சின்ன அளவில் நடந்தது, நல்லபடியாகவும் முடிந்தது. பெரிய அளவில் இதே தர்க்கம்தான் டெல்லியில் ஒற்றை ஒப்பந்தப்புள்ளியாகவும், நேரடி நியமன ஒப்பந்தமாகவும் உருவெடுத்தது. "நேரமில்லை" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் கதவையும் திறக்கலாம். முதல் மூன்று ஆண்டை உறங்கிக் கழித்தவர்களுக்கே கடைசி ஆண்டில் இந்தச் சாவி கிடைக்கிறது என்பதுதான் கொடுமை.

தமிழ்நாட்டிலும் அந்தச் சாவிக்கு இடமுண்டு. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில், இயற்கைப் பேரிடருக்கும் அரசு அறிவிக்கும் அவசர நிலைக்கும் விலக்கு இருக்கிறது. வெள்ளம் வந்தால் இந்த விலக்கு வேண்டும், ஏரி நிரம்பினால் படகு தேடுகிற எங்கள் ஊர்க்காரனுக்கு அது தெரியாததில்லை. ஆனால் தேதி குறித்து, அழைப்பிதழ் அடித்து, பாட்டு வெளியிட்டு நடத்துகிற விளையாட்டுப் போட்டி எந்தக் கணக்கிலும் பேரிடர் ஆகாது. செஸ் ஒலிம்பியாடை ஒட்டி ஊரெல்லாம் பேசிய வழக்கு எது தெரியுமா? விளம்பரத்தில் பிரதமர் படம் இல்லையே என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. படத்துக்காக நீதிமன்றம் ஏறிய நாம், 92 கோடியின் வரவு செலவைப் பற்றி டீக்கடையில்கூடப் பேசவில்லை.

எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாக் குழு இருக்கிறது. ரசீதுப் புத்தகம் போட்டு வசூலிப்பார்கள். விழா முடிந்த மறுவாரம் பந்தல், மேளம், கேழ்வரகு, மைக் செட் என்று வரிவரியாக எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். மீதி இவ்வளவு, இன்னார் கையில் இருக்கிறது என்று கடைசி வரி. தலைவர் நல்லவர் என்று ஊருக்கே தெரியும். அதற்காகக் கணக்கு ஒட்டாமல் விட்டதில்லை. ஒட்டாமல் விட்டால் அடுத்த ஆடிக்கு அவரால் வசூலுக்கு வர முடியாது. அமைப்புக் குழுக்களுக்கு இந்த 'அடுத்த ஆடி' என்பது கிடையாது. போட்டி முடிந்ததும் கலைந்துவிடும். கேள்வி கேட்க விரும்புகிறவன் பூட்டிய அலுவலகத்தின் முன்னால் நிற்பான். 1998 குளிர்கால ஒலிம்பிக்கை வாங்கிய ஜப்பானின் நகானோ நகரத்து விண்ணப்பக் குழு ஒரு படி மேலே போய், கணக்குப் புத்தகங்களையே எரித்துவிட்டது. கலைந்துபோகிற குழுவுக்குத்தான் நிரந்தர நிறுவனத்தைவிடக் கடுமையான விதி தேவை. நாம் நேர்மாறாக, நாலு வருஷம்தானே என்று விட்டுக்கொடுக்கிறோம்.

கேள்வி மேல் கேள்வி கேட்டால் வேலை நடக்காது என்று ஒரு வாதம் வரும். லண்டன் 2012-ஐப் பாருங்கள். 2006-இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். கட்டுமானத்துக்கு ஒரு பொது ஆணையம், போட்டி நடத்த செபாஸ்டியன் கோ தலைமையில் தனி நிறுவனம். யாருடைய பணம் எதற்கு என்பது அன்றே பிரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் சொன்ன தொகை போதாது, இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும் என்பதை 2007 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து ஒப்புக்கொண்டு, 932.5 கோடி பவுண்டு என்று புதுக் கணக்கைச் சொன்னார்கள். திட்டு வாங்கினார்கள். ஆனால் போட்டிக்கு ஐந்து ஆண்டு முன்னதாக வாங்கினார்கள். அதன்பின் நாட்டுத் தணிக்கை அலுவலகம் போட்டி நடக்கும் வரை தொடர்ந்து அறிக்கை தந்தது. வேலை நின்றுவிடவில்லை, அந்தத் தொகைக்குள்ளேயே முடித்தார்கள்.

ஒழுக்கமான நாடுகளில் இதெல்லாம் இயல்பாக நடக்கும், நமக்கு வராது என்று அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு டோக்கியோ. நேரம் தவறாத, வரிசை கலையாத ஜப்பானில், 2020 ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் செயற்குழு உறுப்பினர் ஹருயுகி தகஹாஷி லஞ்சப் புகாரில் கைதானார். 2022 ஆகஸ்ட் 17, மாமல்லபுரத்தில் போட்டி முடிந்த அடுத்த வாரம். அவரைப் பிடிக்க முடிந்தது எதனால்? அமைப்புக் குழுவில் இருக்கிறவர்கள் சட்டத்தின் கண்ணில் அரசு ஊழியருக்குச் சமம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். தனியார் ஆலோசகர், கௌரவப் பதவி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அங்கே ஒழுக்கம் தவறியது, சட்டம் தவறவில்லை.

போட்டியைக் கைவிடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2026 காமன்வெல்த்தை ஏற்றுக்கொண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு கட்டுக்கடங்கவில்லை என்று 2023 ஜூலையில் விலகியது. நடக்காத போட்டிக்காக 58.9 கோடி ஆஸ்திரேலிய டாலர் போயிற்று என்று அந்த மாநிலத் தணிக்கையாளர் கணக்குச் சொன்னார். அகமதாபாத்துக்கு இந்த வாய்ப்பு வந்ததில் மற்றவர்கள் தயங்கியதற்கும் பங்குண்டு.

எங்கள் ஊர்ப் பூசலார் நாயனார் மனதிலேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய பல்லவ மன்னனையே, உன் குடமுழுக்கைத் தள்ளிவை, அந்த நாள் திருநின்றவூரானுக்கு என்று இறைவன் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. விளையாட்டுப் போட்டிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்களும் மனக்கோயில்தான் கட்டுகிறார்கள். பூசலார் யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை என்பதால் அவரிடம் கணக்குக் கேட்க முடியாது. இவர்கள் கட்டுவது நம் காசில், கேட்டே ஆக வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், 2025 ஒரு நல்ல தொடக்கம். தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் என்று சிலவற்றைக் கொண்டுவருகிறது. ஆனால் தகவல் உரிமை என்று வரும்போது அரசு தந்த பணத்தின் செலவு மட்டும் என்று எல்லை கட்டிவிடுகிறது. விளம்பரதாரர் பணம், ஒளிபரப்பு உரிமைப் பணம் ஆகியவற்றின் கதையை நாம் கேட்க முடியாது. டெல்லியின் 1,780 கோடிக் கனவு முழுக்க இந்த வகைப் பணத்தின் மீது கட்டியதுதான். அது வராமல் போனபோது யார் கொடுத்தார்கள்?

ஆகவே அகமதாபாத்தில் யார் தலைவர் என்பதைவிட வேறு சிலவற்றை முதலில் கேட்கலாம். அவரை நியமிப்பது யார், இறக்குவது யார்? பற்றாக்குறை உறுதிமொழியில் உச்சவரம்பு உண்டா? அந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் வைப்பார்களா? தணிக்கையாளர் 2027-இலேயே உள்ளே போவாரா, 2031-இல் போவாரா? குழு கலையும்போது ஆவணங்கள் எங்கே போகும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இருந்தால் தலைவர் சுமாரானவராக இருந்தாலும் சமாளிக்கலாம்.

"அகமதாபாத் எங்க, திருநின்றவூர் எங்க, நமக்கென்ன சார்?" என்று ஒருவர் கேட்டார். டெல்லிக் குழுவுக்கு மத்திய அரசு கொடுத்த பணம் மானியம் என்ற பெயரில் போகவில்லை. போட்டி சம்பாதித்துத் திருப்பிக் கட்டிவிடும் என்று சொல்லித்தான் கடனாகக் கொடுத்தார்கள். வந்த நிகர வருமானம் 174 கோடி என்றால் மீதிக் கடனைக் கட்ட அந்தக் குழுவிடம் எதுவும் இல்லை. பெட்ரோலுக்கும் பிஸ்கட்டுக்கும் நாம் கட்டிய மத்திய வரியிலிருந்து போன பணம் அது. கடனாகப் போய்ச் செலவாக முடிந்தது.